போலந்தில் பிரஸ் நிறுத்தப் போனது

எட்டாவதில் இரண்டு தடவை உட்கார்ந்தும் கணக்கு வாத்தியார் என்னை ஒன்பதாவதுக்கு அனுப்பவில்லை. பரவாயில்லை. அவர் மேலே அனுப்பின பசங்களில் ஒருத்தனையும் போலந்துக்காரன் விமானம் ஏற்றிக் கூப்பிட்டதாக நான் கேள்விப்படவில்லை. என்னைக் கூப்பிட்டான்.

மேற்கு மாம்பலத்தில் ஏகாம்பரம் என்று கேட்டால் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மாகூட வீட்டைக் காட்டும். பெரிய மெஷின்களை ஏற்றுவது, இறக்குவது, நிறுத்துவது நம் தொழில். கிண்டி எஸ்டேட்டில் சங்கிலி இழுக்கிற கூலியாக ஆரம்பித்தேன். இன்றைக்கு என் பெயர் போட்ட கிரேன் மூன்று ஓடுகிறது. அறுபத்தாறு வயசிலும் நானே ஏணி ஏறுகிறேன். டாக்டர் ஏறாதே என்கிறார். அவரால் முடியாது, அதனால் சொல்கிறார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பலகைக் கம்பெனி மூடினார்கள். மரச்சில்லையும் தூளையும் பசையில் பிசைந்து, சூடாக அழுத்திப் பலகை ஆக்குகிற பிரஸ் அங்கே ஒன்று இருந்தது. நம் வீட்டு அலமாரி, டிவி ஸ்டாண்டு எல்லாம் அந்த ஜாதிப் பலகைதான். தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி உப்புமே, அதே. அந்த பிரஸ்ஸைப் பிரித்து, நம்பர் போட்டு, பெட்டி கட்டிக் கப்பலுக்கு அனுப்பியது நான். வாங்கின போலந்துக் கம்பெனி, "பிரித்தவரே வந்து பூட்டட்டும்" என்று சொல்லிவிட்டது. விவரமானவர்கள்.

கூட இரண்டு பேர். ஒருத்தன் செல்வம், என் மூத்த ஃபிட்டர். அடையாறு ஆற்றோரம் பிறந்தவன். வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், பேச்சு மட்டும் ஆற்றோரத்திலேயே தங்கிவிட்டது. என்னை நைனா என்பான். இன்னொருத்தர் ராகவன், மயிலாப்பூர், இன்ஜினியர். இங்கிலீஷ் பேசவும் வரைபடம் படிக்கவும் வைத்திருக்கிறேன். என்னைவிட முப்பது வயசு சின்னவர், என்னைவிட முப்பது மடங்கு பயந்தவர்.

பொங்கல் முடிந்த கையோடு ரங்கநாதன் தெருவுக்குள் போய், "மைனஸ் பதினைஞ்சு தாங்குற ஸ்வெட்டர் இருக்கா?" என்றேன்.

கடைக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஊருக்குண்ணே?" என்றார்.

"போலந்து."

"கொடைக்கானலுக்கு அந்தப் பக்கமா?"

மூன்று ஸ்வெட்டரும் மூன்று குரங்குக் குல்லாவும் கட்டிக் கொடுத்து, "இதப் போட்டா ஒரு பனி உள்ள வராதுண்ணே" என்றார். பொய் சொல்லவில்லை. பனி வரவில்லை, குளிர்தான் வந்தது.

முதல் நாளே பஸ்ஸில் மானம் போனது. நாங்கள் தங்கின சின்ன ஊரிலிருந்து தொழிற்சாலைக்குப் பஸ். கண்டக்டர் கிடையாது, விசில் கிடையாது. ஏறினவர்கள் எல்லாரும் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பைன் மரங்களுக்கு மேலே தொழிற்சாலைப் புகைபோக்கி தெரிந்தது, கிட்டே வந்தது, அப்புறம் பின்னால் போனது. பஸ் நிற்கவில்லை.

செல்வம் எழுந்தான். கையை வெளியே விட்டுத் தட்டலாம் என்றால் எல்லாம் மூடின கண்ணாடி. உள்பக்கத் தகட்டிலேயே படபடவென்று நாலு தட்டு தட்டி, "ஹோல்டான்" என்றான். நம் ஊரில் என்றால் டிரைவர் திட்டிக்கொண்டாவது நிறுத்தியிருப்பார். இவரும் நிறுத்தினார். ஆனால் கதவைத் திறக்காமல், தான் மட்டும் இறங்கி, பஸ்ஸைச் சுற்றி வந்து எந்தப் பாகம் கழன்றது என்று குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் கழலவில்லை என்று தெரிந்ததும் ஏறி, முன்னைவிட வேகமாக ஓட்டினார். இறங்கணும் என்றால் கம்பியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கணுமாம். ராகவன் அதைக் கடைசி ஸ்டாப்பில்தான் படித்துச் சொன்னார்.

கடைசி ஸ்டாப் என்பது ஒரு பனி வயல். அங்கே சிமெண்ட் மூட்டை ஏற்றின வேன் ஒன்று நின்றது. பீப்பாய் மாதிரி உடம்பு, வைக்கோல் நிற மீசை, ஐம்பது வயசு மதிக்கலாம், ஒரு ஆள் இறங்கி வந்து எங்கள் மூன்று குல்லாவையும் பார்த்தார். திருடர்கள் இல்லை என்று முடிவு பண்ண அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புகைபோக்கியைக் காட்டி, "இந்தியா? பிரஸ்?" என்றார். நான் தலையாட்டினேன். ஏற்றிக்கொண்டார். வழியில் தன் சாப்பாட்டு ரொட்டியை மூன்றாகப் பிய்த்துக் கொடுத்தார். பேர் யானுஷ். தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, தரையைக் காலால் தட்டி, "பெட்டோன்" என்று சொல்லி, தன் மார்பையும் தட்டினார். பெட்டோன் என்றால் கான்கிரீட். நாங்கள் பிரஸ் நிறுத்தப் போகிற அஸ்திவாரத்தைப் போட்டவரே அவர்தான்.

அடுத்த நாள் ஹாலைப் பார்த்தோம். பாண்டி பஜாரைத் தூக்கிக்கொண்டு வந்து கூரை போட்டு மூடினது மாதிரி நீளம். சைட் மேனேஜர் ஒரு அம்மா, எவா என்று பேர். கிரேன்காரனையே கண்ணால் நிறுத்துவார். யானுஷ் போலிஷில் பேசுவார், அதை எவா இங்கிலீஷ் ஆக்குவார், ராகவன் அதைத் தமிழாக்குவார். கெட்ட வார்த்தை எல்லாம் வழியிலேயே இறங்கிவிடும். என்னிடம் வரும்போது பேச்சு குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வரும்.

ஹாலுக்கு இன்னும் ஒரு பக்கக் கதவு மாட்டவில்லை. நடுவில் டீசலில் ஓடுகிற சூட்டு ஊதி ஒன்று, பீரங்கி அளவு. அதைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"கூரைக்கா குளிருது?" என்றேன். செல்வமும் நானும் அதை இழுத்து வந்து, பிரஸ் நிற்கப்போகிற இடத்தில் பைன் காடு இருக்கிற பக்கமாக, நாங்கள் நின்று வேலை செய்கிற இடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். அந்தப் பக்கம் வயரிங் செய்துகொண்டிருந்த போலந்துக்காரர்கள் அரைக்கைச் சட்டையில் நின்றார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சித்திரை மாசம் மாம்பலத்துக்கு வாங்கடா, அப்போ யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாகணும். கேன்டீனில் முதல் நாள் சிவப்பாக ஒரு சூப் வந்தது. ராகவன் பயந்துபோய், "இது என்ன ரத்தம்?" என்று கேட்டார். பீட்ரூட். எங்கள் தெருவில் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பீட்ரூட் வாங்கினதில்லை. இரண்டாம் நாள் முட்டைக்கோஸ், மூன்றாம் நாள் புளித்த முட்டைக்கோஸ். நாலாம் நாள் கொழுக்கட்டை. சத்தியமாகக் கொழுக்கட்டைதான், உள்ளே உருளைக்கிழங்கு. ராகவன் பதினாறு சாப்பிட்டார்.

"எங்காத்துல பிள்ளையார் சதுர்த்திக்குப் பண்றதவிட நன்னா இருக்கு சார்" என்றார். "அவகிட்ட சொல்லிடாதீங்கோ."

பரிமாறுகிற அம்மா பக்கத்தில் இருந்த அம்மாவிடம் ஏதோ சொன்னார். எவா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "அந்த ஒல்லியான ஆளை அவங்க ஊர்ல பட்டினி போட்டிருக்காங்க."

வேலையில் எங்களை ஒருத்தனும் குறை சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் பிரஸ்ஸின் இரும்புச் சட்டம் அத்தனையையும் நிறுத்தினோம். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். நான் விரலைத் தூக்கினால் கிரேன் தூக்கும், விரலை மடக்கினால் நிற்கும்; நடுவில் பாஷை எதற்கு? போலந்துக்காரர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். எவா, "இதை எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். "படிச்சிருந்தா இது வந்திருக்காதும்மா" என்றேன். ராகவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

அப்புறம் மட்டம் பார்க்கிற வேலை. இதுதான் உயிர். பிரஸ் ஒரு பக்கம் மயிரிழை தாழ்ந்தாலும் பலகை ஒரு ஓரம் தடிமன், ஒரு ஓரம் மெலிசு. சட்டத்தின் காலுக்கு அடியில் மெல்லிய இரும்புத் தகடு சொருகி மட்டம் கொண்டுவரணும். சாயங்காலம் மட்டக்கோலின் கண்ணாடிக்குள் இருக்கிற குமிழியை நட்டநடுவில் நிறுத்திவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் காட்டுப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. தகடு சொருகினோம். சாயங்காலம் பார்த்தால் காட்டுப் பக்கம் அதே அளவு ஏறியிருக்கிறது. தகட்டை எடுத்தோம். மறுநாள் காலை மறுபடி தாழ்வு.

"இன்னா நைனா இது, காலைல சொருவுறோம், சாயங்காலம் உருவுறோம்" என்றான் செல்வம். "மூணு நாளா ஒரே தகட்டை வெச்சிக்கினு ரெண்டு பேரும் ஆடுபுலி ஆடிக்கினு கீறோம்."

நாலாம் நாள் எவா கூட்டம் போட்டார். அடுத்த வாரம் எண்ணெய்க் குழாய்க்காரர்கள் வருகிறார்கள், மட்டம் முடியாமல் அவர்கள் கை வைக்க முடியாது, காரணம் என்ன என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வராது. வந்து பழக்கமில்லை. கூவம் கரையில் ஒரு ஷெட்டில் பார்த்த பார்வையிலேயே அஸ்திவாரம் ஆடுது என்று சொல்லி ஜெயித்தவன் நான்.

"அஸ்திவாரம் மூச்சு விடுது" என்றேன். "ராத்திரி உக்காருது, பகல்ல எழும்புது. காட்டுப் பக்கம் உடைச்சு மறுபடி போடணும்."

மூன்று பாஷை தாண்டி அது யானுஷிடம் போய்ச் சேர்ந்தபோது, அவர் மீசைக்கு அடியில் வாய் காணாமல் போனது. கொஞ்சம்தான் பேசினார். ராகவன் என் காதில் சொன்னார்: "இந்த நிலம் கல்லு மாதிரி, இது ஆடாதுங்கறார் சார். தன் கையால போட்டதாம்."

"எல்லாரும் கையாலதான் போடறாங்க" என்றேன். எவா நோட்டில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை காலை உடைக்கிறது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அறையில் செல்வம் கோழி வாங்கி மிளகாய்த்தூள் பூசிக்கொண்டிருந்தான். ராகவன் அந்த வாசனையிலிருந்து தப்பிக்க சர்ச் பார்க்கப் போனார். நான் மட்டும் பஸ் ஏறினேன், இந்தத் தடவை பொத்தானை ஒரு ஸ்டாப் முன்னாடியே அமுக்கினேன். நான் சொன்னது சரி என்று தனியாக ஒரு தடவை பார்த்து ரசிக்கலாம் என்று ஹாலுக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணி. பகலில் அஸ்திவாரம் எழும்பியிருக்கணும் அல்லவா? குமிழியைப் பார்த்தேன். காட்டுப் பக்கம் தாழ்வு, காலையில் இருக்கிற அதே தாழ்வு. எழும்பவே இல்லை.

யோசிப்போம் என்று தினமும் சாய்கிற சட்டத்தில் முதுகைச் சாய்த்தேன். சட்டென்று எழுந்துவிட்டேன். ஐஸ். மற்ற நாளெல்லாம் அந்த இரும்பு மாட்டு வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும், அதனால்தான் அங்கே சாய்வதே. இன்றைக்கு லீவு, சூட்டு ஊதியை யாரும் போடவில்லை.

ஊதியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. நான் திருப்பிவைத்த மாதிரியே காட்டுப் பக்கச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. பகல் பூரா ஒரு பக்கத்து இரும்பை மட்டும் வறுத்திருக்கிறேன். இரும்பு வளர்ந்திருக்கிறது. ராத்திரி அணைந்ததும் சுருங்கியிருக்கிறது. நம் ஊரில் இந்தத் தப்பு நடக்கவே நடக்காது. அங்கே எல்லாப் பக்கமும் ஒரே அடுப்பு.

அப்போதுதான் கவனித்தேன், பிரஸ்ஸுக்கு அந்தப் பக்கம் யானுஷ் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கு உடைக்கவேண்டிய இடத்துக்குத் தானே சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செல்போனை எடுத்து அதில் என்னவோ பேசினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் சொன்னது: "நாளை இது உடைக்கப்பட்டால் இந்த ஊரில் யாரும் எனக்கு வேலை தரமாட்டார்கள். என்னிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள்."

ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னது. நான் ஏதாவது சொல்லட்டும் என்று போனை என் வாய்க்கு நேராக நீட்டினார். நான் இருமிவிட்டு வந்துவிட்டேன்.

அறையில் இரண்டு பேரிடமும் சொன்னேன். ராகவன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சூட்டுல இரும்பு விரியும்னு ஆறாங்கிளாஸ்லயே படிச்சேன் சார்."

"அப்புறம் ஏன்யா வாயத் திறக்கல?"

"குளிர்ல ஒண்ணும் தோணலை. அதோட நீங்க அஸ்திவாரம்னு அவ்வளவு தீர்மானமா சொன்னேள். நான் பெரியவா சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

செல்வம் கோழியைத் திருப்பிப் போட்டான். "இதுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு? ஊதிய நைசா கூரைப் பக்கம் திருப்பி வுட்டுரு. 'நிலம் செட் ஆயிருச்சு, உடைக்கத் தேவல'ன்னு சொல்லிரு. அந்தாளும் தப்பிச்சான், உன் பேரும் தப்பிச்சுது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், மறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கான்கிரீட்டைக் குடைந்து உடைக்கிற கைமெஷின் வந்து இறங்கியது. எவா, யானுஷ், அவருடைய ஐந்து ஆட்கள், வேடிக்கைக்கு வயரிங்காரர்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேத்து வந்து பார்த்தேன், நிலம் செட் ஆயிடுச்சு. உடைக்க வேணாம்" என்றேன்.

எவா முகத்தில் வெளிச்சம் வந்தது. யானுஷ் சந்தோஷப்படுவார், கையைக் குலுக்குவார் என்று நான் கையைக்கூட ஜேபியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். அவர் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு, நேரே போய் உடைக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டார்.

"என்னய்யா சொல்றாரு?"

ராகவன் குரல் இறங்கிவிட்டது. "ஒரு தடவை ஆடின அஸ்திவாரம்னு பேர் வந்தா வந்ததுதான், இனிமே போகாதுங்கறார். அதனால இப்பவே உடைச்சு உள்ள எப்படி இருக்குன்னு எல்லார்க்கும் காட்டறாராம். மறுபடி சும்மாவே போட்டுத் தராராம்."

மெஷின் முனையைச் சாக்கட்டிக் கோட்டில் வைத்தார். அந்த ஆள் தன் வேலையைத் தானே உடைக்கப் போகிறார், நான் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"நிறுத்துய்யா" என்று கத்தினேன். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

யானுஷ் கையைப் பிடித்துக் காட்டுப் பக்கச் சட்டத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது. குமிழியைக் காட்டினேன், தாழ்வு. அப்புறம் இன்னும் திருப்பாமல் அப்படியே நின்ற சூட்டு ஊதியைப் போடச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். மறுபடி அவர் கையைச் சட்டத்தில் வைத்தேன், சூடு. குமிழி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது.

"அஸ்திவாரம் ஆடல" என்றேன். "எங்களுக்குக் குளிருச்சு, இதைத் திருப்பி வெச்சேன். நேத்தே தெரியும். இன்னிக்கிச் சொன்னது பொய்."

ராகவன் முழுசாக மொழிபெயர்த்தார், ஒரு வார்த்தை விடவில்லை. வயரிங்காரர்கள் ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தன் நடுங்குகிற மாதிரி நடித்துக் காட்டினான், செல்வத்தை மாதிரியே இருந்தது. எவா உதட்டைக் கடித்துக்கொண்டார். யானுஷ் மட்டும் சிரிக்கவில்லை. எவாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

எழுதிக் கொடுக்கணுமாம். ராகவன் இங்கிலீஷில் எழுத வந்தார். யானுஷ் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு என்னைக் காட்டினார். சொன்னவரே எழுதணும், தன் பாஷையிலேயே எழுதணும்.

சூட்டு ஊதியின் தகட்டுமேல் தாளை வைத்து எழுதினேன்.

"அஸ்திவாரம் ஆடவில்லை. அடுப்பைத் திருப்பியது நான். யானுஷ் போட்ட கான்கிரீட்டை நம்பி என் வீட்டையே கட்டலாம். ஏகாம்பரம், மேற்கு மாம்பலம்."

யானுஷ் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உடைக்கிற மெஷினைத் திருப்பி அனுப்பினார். கை குலுக்கவில்லை.

அடுத்த மூன்று நாள் ஊதி இல்லாமல் வேலை செய்தோம். ஸ்வெட்டருக்குள் செய்தித்தாள் சொருகிக்கொண்டோம். செல்வம் எனக்குக் கேட்கிற மாதிரியே என்னைத் திட்டினான், நான் கேட்காத மாதிரி இருந்தேன். குமிழி நடுவில் நின்றது, காலையிலும் நின்றது, சாயங்காலமும் நின்றது. குழாய், வயர் வேலை எல்லாம் முடிந்து, பிரஸ் ஓடி முதல் பலகை வெளியே வந்தபோது நாலு மூலையிலும் அளந்து பார்த்தார்கள், ஒரே தடிமன். இனி அந்த நாட்டில் எவன் கட்டில் செய்தாலும் அதில் என் மட்டம் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் வெட்கத்தில் நாங்கள் கேன்டீன் பக்கமே போகவில்லை, அறையிலேயே சமைத்துக்கொண்டோம். கிளம்புகிற அன்றைக்குக் கடைசியாகக் கேன்டீனுக்குப் போனோம். கொழுக்கட்டை நாள், வரிசை நீளம். உள்ளே நுழைந்தால், பரிமாறுகிற மேஜைக்குப் பின்னால் சுவரில் என் தாள் ஒட்டியிருக்கிறது. தமிழ் படிக்கிற ஆள் இந்தக் காட்டில் எவனும் இல்லை என்று தைரியமாக வரிசையில் நின்றேன்.

யானுஷ் எழுந்து வந்தார். போனைத் தாளுக்கு நேராகப் பிடித்தார். போன் போலிஷில் வாசித்தது. தினமும் இதுதான் நடக்கிறதாம், புதுசாக யார் சாப்பிட வந்தாலும் ஒரு தடவை வாசிக்க வைத்துவிடுகிறாராம். ஆட்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கடைசியில் மட்டும் அந்தப் பெண் குரல் தடுமாறி, கூட்டி, சரியாகச் சொல்லி முடித்தது: ஏகாம்பரம், மேற்கு மாம்பலம்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் பேர் தெரியாத ஆள் அந்த ஊரில் இனி இல்லை. யானுஷ் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.